இருபது நிமிடப் பாட்டும் இருந்து கேட்ட செவியும்

"எங்கள் காலத்துப் பாட்டுப் போல வருமா?" என்று முதியவர் கூறுவதும், "அந்தப் பாட்டெல்லாம் எங்களுக்கு எதற்கு?" என்று இளையவர் மறுப்பதும் எல்லா நாட்டிலும் உள்ள வழக்கே. இளமையில் கேட்டதையே உயர்ந்ததென எண்ணுவது மனித இயல்பு என்று அமைதி கூறி, நாமும் அதனை நகைத்து விட்டுவிடுகின்றோம். ஆயினும், சிற்சில வேளைகளில் அந்த ஏக்கத்தினுள் ஆராயத் தக்க உண்மை ஒன்று மறைந்து கிடப்பதும் உண்டு. இங்கிலாந்தில் 1960-களின் இறுதியில் தோன்றி, 1970-களின் நடுவில் உச்சத்தை எட்டிய 'புரோகிரசிவ் ராக்' என்னும் இசைவகையைப் பற்றி, இன்று அறுபதும் எழுபதும் கடந்த மேனாட்டவர் கொள்ளும் ஏக்கம் அத்தகையது. அவ்விசை யாது, அஃது ஏன் அக்காலத்தில் பிறந்தது, கேட்கும் முறை எவ்வாறு மாறியது, அம்மாற்றத்தால் இழந்தது எது என்பவற்றை முறையே காண்போம்.

பெயரும் இயல்பும்

'புரோகிரசிவ்' என்னும் சொல்லுக்கு முற்போக்கு என்பது பொருள். நம் மொழியில் அச்சொல் அரசியலையே முதலில் நினைவூட்டும். ஈண்டு அது கட்சிக் கொள்கையைக் குறிக்கவில்லை. இருந்த இடத்திலேயே நில்லாமல் மேலும் வளர்ந்து செல்லும் இசை என்பதே கருத்து. அமெரிக்காவில் 1950-களில் பிறந்த ராக் இசை, இளைஞர் ஆடுவதற்கென்று அமைந்த எளிய இசை. கிதாரும் டிரம்ஸும் முன்நிற்க, மூன்று நிமிட அளவில், நான்கு எண்ணும் ஒரே தாளத்தில் அது முடிந்துவிடும். அவ்விசையில் ஐரோப்பியச் செவ்விசை, ஜாஸ், நாட்டுப்பாடல் ஆகியவற்றின் கூறுகளைக் கலந்து, அதனை உட்கார்ந்து கேட்கும் இசையாக ஆக்க முற்பட்டோரே புரோகிரசிவ் ராக் குழுவினர்.

இதன் இயல்புகளை நான்காக வகுக்கலாம். ஒன்று, நீளம். இரண்டு, ஒரு பாட்டே பல பகுதிகளாகப் பிரிந்து நடத்தல். மூன்று, தட்டு முழுவதற்கும் ஒரு பொருளை மையமாகக் கொள்ளுதல். நான்கு, தாள வேறுபாடு. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'மனி' என்னும் பாட்டு ஏழெண்ணிக்கைத் தாளத்தில் அமைந்தது. இடையில் கிதார் தனித்து ஒலிக்கும்போது தாளம் நான்கிற்கு மாறி, பின்னர் மீண்டும் ஏழிற்கு வரும். மிசிரசாப்பில் கைதட்டிப் பழகிய நம்மவர்க்கு ஏழு புதிதன்று. நான்கு நான்காக எண்ணி ஆடிப் பழகிய மேனாட்டு இளைஞர்க்கோ, அது கால் இடறச் செய்வதாக இருந்தது. ஆடுவதை நிறுத்தி அமர்ந்து கேட்கத்தான் வேண்டியிருந்தது.

தட்டின் அளவே பாட்டின் அளவு

இத்தகைய நெடும்பாட்டு ஏன் அக்காலத்தில் பிறந்தது? கலைஞரின் ஆசை மட்டும் காரணமன்று. கருவியும் ஒரு காரணம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வழங்கிய இசைத்தட்டு, அரக்குக் கலவையால் ஆனது. நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். இதனால் நம் கருநாடக இசைப் பாடகர்களும், மேடையில் விரித்துப் பாடும் கீர்த்தனையைத் தட்டிற்காகச் சுருக்கிப் பாட வேண்டியவராயினர். மேனாட்டு மெல்லிசையில் மூன்று நிமிடம் என்னும் அளவே பாட்டின் இலக்கணம் ஆகிவிட்டது.

1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் நெடுந்தட்டை வெளியிட்டது. பன்னிரண்டு அங்குல அகலமும், நெருங்கிய நுண்ணிய வரிப்பள்ளங்களும் உடைய அத்தட்டு, நிமிடத்திற்கு 33⅓ முறையே சுழலும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 22 நிமிட இசையைப் பதியலாம். அதற்குள் தட்டு 733 முறை சுற்றி முடியும். இன்னும் நீட்டினால் வரிகள் மேலும் நெருங்கும். அவ்வாறு நெருங்கினால் ஒலி மெலியும். ஆதலால் இருபது நிமிடம் என்பது ஒரு பக்கத்தின் இயற்கை எல்லையாக நின்றது.

நெடுந்தட்டின் பெரும்பயன் முதலில் செவ்விசைக்கே கிட்டியது. நெடிய இசைப் படைப்புகளை அடிக்கடி தட்டு மாற்றாமல் கேட்க அது வழி செய்தது. மெல்லிசைக்காரர் அதனைப் பத்துப் பன்னிரண்டு சிறு பாட்டுகளைத் திரட்டிப் போடும் பையாகவே நெடுங்காலம் கொண்டனர். 1967-ஆம் ஆண்டில் பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்', தட்டு முழுவதையும் ஒரு நூல் போலக் கருதும் வழக்கத்தை வலுப்படுத்தியது. பாட்டு வரிகளை உறையிலேயே அச்சிட்டதும் அதன் சிறப்பு. அதே ஆண்டில் மூடி புளூஸ் குழுவினர், வைகறை முதல் இரவு வரையிலான ஒரு நாளையே பொருளாகக் கொண்டு, பல்லியக் குழுவுடன் இணைந்து ஒரு தட்டை அமைத்தனர். வழி திறந்துவிட்டது.

ஒரு பக்கம், ஒரு பாட்டு

1969-ஆம் ஆண்டு அக்டோபரில் கிங் கிரிம்சன் குழுவின் முதல் தட்டு வெளிவந்தது. இரு பக்கமும் சேர்த்து ஐந்தே பாட்டுகள். உறை முழுவதும் அலறும் முகம் ஒன்று. அதனை வரைந்த பாரி காட்பர் மறு ஆண்டிலேயே இளமையில் மறைந்தார். இத்தட்டினையே புரோகிரசிவ் ராக்கின் தொடக்கம் என்பார் பலர். அதில் ஒலிக்கும் 'மெலட்ரான்' என்னும் கருவி விந்தையானது. ஒவ்வொரு கட்டையின் கீழும் ஓர் ஒலிநாடாத் துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால், முன்பே பதிந்த வயலின் ஒலியோ புல்லாங்குழல் ஒலியோ ஏறத்தாழ எட்டு விநாடி எழும்பும். விரலை எடுத்தால் நாடா தொடக்கத்திற்குத் திரும்பிவிடும். ஒரு பல்லியக் குழுவையே ஒருவர் விரல் நுனியில் கொணர்ந்த கருவி அது.

1972-ஆம் ஆண்டை இவ்வகை இசையின் விளைச்சல் ஆண்டு என்னலாம். யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' என்னும் பாட்டு, பதினெட்டு நிமிடத்திற்கும் மேலாக ஒரு பக்கம் முழுவதும் நடந்தது. ஜெனிசிஸ் குழுவின் 'சப்பர்ஸ் ரெடி' ஏறத்தாழ 23 நிமிடம் சென்றது. ஜெத்ரோ டல் குழுவினர் ஒருபடி மேலே போய், 'திக் அஸ் எ பிரிக்' என்னும் ஒரே பாட்டை இரு பக்கமும் நிரப்பி, 44 நிமிடம் அளவிற்கு அமைத்தனர். அதன் உறை, பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட ஒரு சிற்றூர்ச் செய்தித்தாள். எட்டு வயதுப் பள்ளிச் சிறுவன் ஒருவன் எழுதிய கவிதைக்குப் பரிசு மறுக்கப்பட்டதென்றும், அக்கவிதையே இப்பாட்டு என்றும் அத்தாளில் கற்பனையாகச் செய்தி புனைந்திருந்தனர். ஒருவர் பாட்டைக் கேட்டுக்கொண்டே அத்தாளையும் படித்து முடிக்கலாம்.

இப்படைப்பாளிகள் ஓரளவு கல்வி வாய்ப்புப் பெற்ற குடும்பத்தினர் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. ஜெனிசிஸ் குழு, சார்ட்டர்ஹவுஸ் என்னும் புகழ்பெற்ற பள்ளியின் மாணவரிடையே உருவானது. பிங்க் ஃபிளாய்டின் மூவர், லண்டன் தொழிற்கல்லூரி ஒன்றில் கட்டடக்கலை பயின்றவர். யெஸ் குழுவின் ரிக் வேக்மன், அரச இசைக் கல்லூரியில் பயின்றவர். நூலறிவு பாட்டில் இறங்கியது இதனால்தான். ஜெர்மானிய எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' என்னும் நாவலே 'குளோஸ் டு தி எட்ஜ்' பாட்டின் தூண்டுகோல். பரமஹம்ச யோகானந்தரின் தன்வரலாற்று நூலில், சுருதி, சுமிருதி, புராணம், தந்திரம் என்னும் நால்வகைச் சாத்திரங்களைக் குறிக்கும் ஓர் அடிக்குறிப்பைப் படித்தே, அக்குழுவின் ஜான் ஆண்டர்சன் 1973-இல் நான்கு பக்கங்களுக்கு நான்கு நெடும்பாட்டாக ஒரு படைப்பை எண்ணினார். ஓர் அடிக்குறிப்பு இரண்டு தட்டுகளாக விரிந்த கதை அது.

கேட்ட முறை

இனி, இவற்றை மக்கள் எவ்வாறு கேட்டனர் என்பதைக் காண்போம். நம் ஆராய்ச்சிக்கு இதுவே முதன்மையானது.

ஓர் இளைஞன் பணம் சேர்த்து ஒரு தட்டு வாங்குவான். இரண்டு மாதத்திற்கு அதுவே அவன் செல்வம். உறையினின்று தட்டை விரலின் விளிம்பால் எடுத்து, தூசு துடைத்து, சுழலும் தட்டின் மேல் ஊசியை மெல்ல இறக்குவான். பின்னர் உறையைக் கையில் ஏந்தி அமர்வான். பன்னிரண்டு அங்குலச் சதுரத்தில் ஓவியம் இருக்கும். உள்ளே பாட்டு வரிகள் இருக்கும். பிடிக்காத பகுதி வந்தால் ஊசியைத் தூக்கி வைக்கலாம். ஆனால் கீறல் விழும் என்னும் அச்சம் கையைத் தடுக்கும், ஆதலால் பொறுத்திருப்பான். ஒருமுறை புரியாத பகுதி ஐந்தாம் முறை புரியத் தொடங்கும். இருபது நிமிடம் கழிந்ததும் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். நண்பர் உடனிருந்தால் அவ்விடைவேளை உரையாடலுக்கு ஆகும்.

இங்ஙனம் அமர்ந்து கேட்டவர்க்கே விளங்கும் அழகு ஒன்று இவ்விசையில் உண்டு. அது மீட்சி. 1973-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஓர் இதயத் துடிப்பில் தொடங்குகிறது. காலம், பணம், மரணம், மனநோய் ஆகியவற்றை எல்லாம் பாடிய பின், 43 நிமிடம் அளவில் அதே இதயத் துடிப்பில் முடிகிறது. 'குளோஸ் டு தி எட்ஜ்' பறவை ஒலியிலும் நீரோட்ட ஒலியிலும் தொடங்கி, அவ்வொலியிலேயே சென்று அடங்குகிறது. தொடக்கத்தையும் முடிவையும் தனித்தனியே வெட்டிக் கேட்டால், அது வெறும் துடிப்பு, வெறும் நீரொலி. இடைப்பட்ட நேரமெல்லாம் உடன் சென்றவனுக்கு மட்டுமே அது திரும்பி வந்ததாகத் தோன்றும். ஆலாபனையிலும் நிரவலிலும் நெடுந்தொலைவு சென்று பல்லவிக்கு மீளும்போது நம் அவையில் எழும் மகிழ்ச்சியை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. காத்திருந்தவனுக்கே மீட்சி இனிக்கும்.

வீழ்ச்சி

எந்தக் கலையும் தன் சிறப்பாலேயே தவறுவதும் உண்டு. நீளம் வேண்டுவதற்காக நீட்டல், திறமையைக் காட்டுவதற்காக வாசித்தல் என்னும் குற்றங்கள் புகுந்தன. 1975-இல் ரிக் வேக்மன், ஆர்தர் மன்னன் கதையை லண்டன் வெம்பிளி அரங்கில் பனிச்சறுக்கு ஆட்டத்துடன் அரங்கேற்றினார். 1977-இல் எமர்சன், லேக் அண்டு பாமர் குழுவினர் ஒரு பல்லியக் குழுவையே உடனழைத்துச் சுற்றுலா புறப்பட்டு, செலவு தாங்காமல் இடைவழியிலேயே அதனைத் திருப்பி அனுப்பினர்.

இவ்வேளையில், 1976-77-இல், 'பங்க்' இசை எழுந்தது. மூன்று சுரம் தெரிந்தால் போதும், மூன்று நிமிடம் போதும் என்றனர் அவ்விளைஞர். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுப் பாடகர், பிங்க் ஃபிளாய்டை வெறுப்பதாக எழுதிய சட்டையையே அணிந்து திரிந்தார். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. விலையுயர்ந்த கருவியும் இசைக்கல்வியும் இல்லாத ஏழை இளைஞர்க்குப் புரோகிரசிவ் ராக்கில் இடம் அரிதாயிற்று. பெண் குரலும் அதில் மிகக் குறைவு. ரெனைசன்ஸ் குழுவின் ஆனி ஹாஸ்லம் போன்ற சிலரே விதிவிலக்கு. பழமையைப் போற்றுவோர் இவற்றையும் மறைக்காமல் சொல்லுதல் நேர்மையாகும்.

மாறிய கருவி, மாறிய செவி

இசைவகை ஒன்று தளர்ந்தது ஒருபுறமிருக்க, கேட்கும் கருவிகள் மாறியது அதனினும் பெரிய மாற்றம். 1979-ஆம் ஆண்டு ஜூலையில் ஜப்பானிய சோனி நிறுவனம் 'வாக்மன்' என்னும் கையடக்க ஒலிநாடாக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. இசை அறையை விட்டுத் தெருவிற்கு வந்தது. நடந்துகொண்டே, பயணம் செய்துகொண்டே கேட்கும் வழக்கம் பரவியது. 1982-இல் குறுந்தட்டு வந்தது. அதில் 74 நிமிடம் இடையறாது ஒலிக்கும். தட்டைத் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் 12 அங்குல ஓவியம் 12 சென்டிமீட்டராகச் சுருங்கியது. ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த பாட்டிற்குத் தாவலாம் என்னும் வசதியும் அதனுடன் வந்தது. கீறலுக்கு அஞ்சிய கை, அச்சம் நீங்கித் தாவப் பழகியது.

1990-களில் 'எம்பி3' முறை இசைக்கோப்பைச் சுருக்கியது. 1999-இல் 'நாப்ஸ்டர்' வழியே மக்கள் கோப்புகளைத் தம்முள் பகிர்ந்தனர். 2003-இல் ஆப்பிள் நிறுவனம் பாட்டைத் தனித்தனியே 99 அமெரிக்கக் காசுக்கு விற்கத் தொடங்கியது. தட்டு என்னும் நூல் தாள் தாளாகப் பிரிந்தது. 2008-இல் 'ஸ்பாட்டிஃபை' போன்ற இணைய இசைச்சேவை வந்தபின், வாங்குவதே தேவையற்றதாயிற்று. கோடிக்கணக்கான பாட்டுகள் ஒரு திறன்பேசியில் காத்து நிற்கின்றன.

இச்சேவையில் ஒரு பாட்டு முப்பது விநாடி ஒலித்தாலே கேட்கப்பட்டதாகக் கணக்காகும். ஆதலின், முப்பது விநாடிக்குள் கேட்பவரைப் பிடிக்க வேண்டிய நெருக்கடி உண்டாகிறது. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், 1986 முதல் 2015 வரை முன்னணியில் நின்ற பாட்டுகளை ஆராய்ந்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டார். குரல் எழுவதற்கு முன் வரும் முன்னிசை, 1980-களின் நடுவில் இருபது விநாடிக்கு மேல் இருந்தது. பிற்காலத்தில் ஐந்து விநாடியாகக் குறைந்துவிட்டது என்பது அவர் கண்டது. பிங்க் ஃபிளாய்டின் 1975-ஆம் ஆண்டுப் படைப்பு ஒன்றில், முதற்சொல் பாடப்படுவதற்கு எட்டு நிமிடத்திற்கும் மேல் காத்திருக்க வேண்டும் என்பதை இதனுடன் ஒப்பிடுக. ஒருகாலத்தில் 22 நிமிடத் தட்டு நெடும்பாட்டை வளர்த்தது போலவே, இன்று முப்பது விநாடிக் கணக்கு குறும்பாட்டை வளர்க்கின்றது. கலைஞரைக் குறை கூறிப் பயனில்லை.

ஏக்கத்தின் உட்பொருள்

இப்போது தொடக்கத்து வினாவிற்கு வருவோம். முதியவரின் ஏக்கம் எதைப் பற்றியது? இசையை இழந்ததாக அவர்கள் வருந்துவதற்கு இடமில்லை. அன்று அரிதாய்க் கிடைத்த தட்டுகள் யாவும் இன்று எவர்க்கும் எட்டும் தொலைவில் உள்ளன. ஸ்டீவன் வில்சன் என்னும் கலைஞர் பழைய மூலநாடாக்களிலிருந்து கிங் கிரிம்சன், யெஸ், ஜெத்ரோ டல் ஆகியோரின் படைப்புகளை முன்னினும் தெளிவாக மீண்டும் கலந்து தந்துள்ளார். இழந்தது பாட்டு அன்று. அமர்ந்து கேட்ட அந்த இருபது நிமிடமே.

இதனை நான் கூறுவதற்கு ஓர் உரிமை உண்டு; ஏனெனில் இவ்வேக்கம் என்னுடையது அன்று. தோட்டத்தில் வளர்ந்த என் இளமையில் நெடுந்தட்டைக் கண்டதே இல்லை. வானொலியில் வந்ததைக் கேட்டோம். ஆசிரியர்ப் பயிற்சிக் காலத்தில் விடுதித் தோழர் ஒருவர் தந்த ஒலிநாடாவில்தான் இவ்விசையை முதலில் கேட்டேன். அன்று எனக்கு எட்டாதிருந்தது, இன்று என் மாணவரின் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. இதனை நன்மை என்று ஒப்புக்கொள்ளாமல் பழமையைப் பாடுவது அறமாகாது.

ஆயினும் ஒன்று தெளிவு. முன்பு கருவியே நம்மை அமர வைத்தது. இன்று கருவி நம்மை அமர விடுவதில்லை. அமர்வதை நாமே தேர்ந்து கொள்ள வேண்டியுள்ளது. இதனை மேனாட்டவரும் உணர்கின்றனர். 2021-இல் பாடகி அடேல் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, ஸ்பாட்டிஃபை தன் தட்டுப் பக்கங்களில், பாட்டுகளை வரிசை கலைத்து ஒலிக்கும் பொத்தானை முதன்மை நிலையிலிருந்து நீக்கியது. 2022-இல் அமெரிக்காவில் 4 கோடியே 10 இலட்சம் நெடுந்தட்டுகள் விற்றன. குறுந்தட்டுகளோ 3 கோடியே 30 இலட்சம்தான். 1987-க்குப் பின் எண்ணிக்கையில் நெடுந்தட்டு முந்தியது அதுவே முதல் முறை. வாங்குவோரில் இளையோரும் உளர். எளிதாகக் கிடைப்பதை விடுத்து, எழுந்து திருப்ப வேண்டிய தட்டை அவர்கள் நாடுவது எண்ணத் தக்கது.

வகுப்பறைக்கு ஒரு சொல்

தமிழாசிரியர்க்கு இதனால் ஆவது என்ன என்று வினவலாம். நம் பாடத்திட்டத்தில் கேட்டல் ஒரு திறன். வள்ளுவரும் கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் பேச்சிற்கும் எழுத்திற்கும் பயிற்சி தரும் நாம், கேட்டல் தானே வந்துவிடும் என்று எண்ணி இருந்துவிடுகின்றோம்.

சென்ற ஆண்டு, தேர்வு முடிந்த ஒரு பிற்பகலில், ஆறாம் ஆண்டு மாணவரை அமரச் செய்து, 'குளோஸ் டு தி எட்ஜ்' பாட்டை முழுவதும் ஒலிக்க விட்டேன். பொருள் எதுவும் கூறவில்லை. ஹெஸ்ஸேயின் கதைத்தலைவன் முடிவில் ஆற்றங்கரையில் அமர்ந்து, ஆற்றின் ஒலியைக் கேட்கக் கற்றுக்கொள்கிறான் என்பதையும் சொல்லவில்லை. நான்காம் நிமிடத்தில், "அடுத்த பாட்டு எப்போது வரும், ஐயா?" என்றான் ஒருவன். சிலர் மேசைமேல் தலை சாய்த்தனர். பத்தாம் நிமிடத்திற்குப் பின் அறை அடங்கியது. பாட்டு முடிந்ததும், என்ன கேட்டீர்கள் என்று வினவினேன். பெரும்பாலோர் "சத்தம்" என்றனர். "இங்கிலீஷ் பாட்டு" என்றனர். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி மட்டும், வகுப்பில் வாய் திறவாதவள், கை உயர்த்தி, "முதலில் கேட்ட தண்ணீர்ச் சத்தம் கடைசியில் திரும்ப வந்தது, ஐயா" என்றாள்.

பாட்டின் மொழியும் நாடும் அவளுக்கு அயல். ஆயினும் பதினெட்டு நிமிடம் உடன் சென்று, மீட்சியைத் தானே கண்டுகொண்டாள். நாதசுரமாயினும், வில்லுப்பாட்டாயினும், நெடுங்கதை ஒன்றை உரக்கப் படிப்பதாயினும், வாரத்திற்கு ஒருமுறை இருபது நிமிடம் இடையறாமல் கேட்கும் வாய்ப்பை நம் மாணவர்க்குத் தருவோமாக. வினாத்தாள் அதற்கு வேண்டியதில்லை. முடிந்தபின் என்ன கேட்டீர்கள் என்று மட்டும் வினவினால் போதும்.